நோயாளி கூற்று

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நாவல்களையும் கவிதைகளையும் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை எழுத இருப்பது ஒரு வினாத்தாளைப் பற்றி. இரண்டு பக்கம், இருபத்துச் சொச்சம் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். இலக்கிய மதிப்பு என்று ஏதும் இல்லாத அந்தத் தாளோடு மூன்று மாதங்களைக் கழித்தேன். அதனால் என் வீட்டில் நேர்ந்த மாற்றத்தை நண்பர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சிறியதொரு பிசியோதெரபி நிலையம் நடத்தும் பெண் என் நண்பரின் மகள். அவளிடம் வருவோரில் பெரும்பாலோர் கடற்கரைக் குப்பங்களைச் சேர்ந்த முதியவர்கள். மூட்டுத் தேய்வுக்காரர்களின் நிலையை அறிந்துகொள்ள அவள் ஒரு வினாத்தாளைப் பயன்படுத்த விரும்பினாள். அதன் தமிழ் நகல் ஒன்று யார் யார் கையோ மாறி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. “அங்கிள், இந்தத் தமிழ் யாருக்கும் புரியல. நீங்கதான் இலக்கியம் படிக்கிறவராச்சே, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்று என்னிடம் தந்தாள்.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். காலையில் விழித்தெழுந்தவுடன் தங்கள் மூட்டில் உணரப்படும் விறைப்புத்தன்மையின் தீவிரம் யாது என்று அது கேட்டது. இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டியதும் வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததாகச் சொன்னாள். சிரித்ததில் வியப்பில்லை. நம் பேச்சில் விறைப்பு என்ற சொல் பிணத்துக்கு உரியது. இல்லையேல் சபையில் சொல்லத் தகாத இன்னொன்றுக்கு உரியது. மூட்டுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

இத்தகைய தாள்கள் எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடி, இரத்த அழுத்தம், எக்ஸ்ரே ஆகியவற்றைப் பிறர் அளந்துவிடலாம். வலி குறைந்ததா, படி ஏற முடிகிறதா, இரவில் உறக்கம் வருகிறதா என்பன அந்த உடம்பில் வாழ்கிறவர் சொன்னாலன்றித் தெரியா. எப்படி இருக்கிறது என்று மருத்துவர்கள் காலங்காலமாகக் கேட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறார்கள்; பதிலும் அந்தந்த நேரத்து மனநிலையோடு போய்விடுகிறது. ஒரே கேள்வியை, ஒரே விதமாக, ஒவ்வொரு வருகையிலும் கேட்டு எழுதி வைத்தால் இன்றைய பதிலை மூன்று மாதத்துக்கு முந்தைய பதிலோடு வைத்துப் பார்க்கலாம். நோயாளி தாமே தெரிவிக்கும் நல அளவீடு என்று இதற்குப் பெயர்.

அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாக விளக்கலாம். சங்கப் பாடலின் அடிக்குறிப்பு, யார் பேசுகிறார் என்பதைச் சொல்லிவிடும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று. நோய் தலைவியுடையது, அதைப் பேசுவோர் பலர். மருத்துவமனைக் கோப்பு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். எக்ஸ்ரே அறிக்கை கண்டோர் கூற்று. உடன் வந்த மருமகள் சொல்வது தோழி கூற்று. செவிலி கூற்றுக்கும் குறைவில்லை. அந்தப் பழஞ்சொல்லைத்தான் நர்ஸுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். தலைவி கூற்று மட்டும் பெரும்பாலும் இராது. அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் முயற்சியே இந்த வினாத்தாள்.

சொல்லைத் தேடும் வேலை எளிதாக இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், நோயாளிகள் வலியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி 1975இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். வலிக்கு அளவு மட்டுமன்றிக் குணமும் உண்டு என்பது அதன் அடிப்படை. அதைப் பற்றிப் படித்த அன்று இரவு நானும் தமிழில் ஒரு பட்டியல் போட்டேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, திமிர். பல்லுக்குக் கூச்சம், வயிற்றுக்கு முறுக்கு. விண் விண்ணென்று தெறிப்பது வேறு, சுருக்கென்று தைப்பது வேறு. இவ்வளவு சொற்கள் இருக்க, நம் மருத்துவமனைச் சீட்டுகளில் எல்லாம் வலி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இத்தாள்களை மொழிபெயர்ப்பதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். பிறகு நோயாளிகள் சிலரிடம் படித்துக் காட்டி, உங்களுக்கு என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். கவிதை மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் நாம் பல தொகுப்புகளிலிருந்து தப்பித்திருப்போம். நான் விறைப்பை நீக்கிப் பிடிப்பு என்று எழுதினேன். அவளுடைய கல்லூரித் தோழி அதை ஆங்கிலமாக்கியபோது, கெண்டைக்கால் சுண்டி இழுக்கும் தசைப்பிடிப்பாக அது திரும்பி வந்தது. அது வேறு உபாதை.

இந்த நிலையில் செங்கல்பட்டில் இருக்கும் அம்மாவிடம் தாளை எடுத்துச் சென்றேன்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கொளவாய் ஏரியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் தாம்பரத்தில். ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் மின்சார ரயிலேறிப் போய் மாலையில் திரும்பிவிடுவேன். முழங்கால் வலி என்று ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறேன். எக்ஸ்ரேயை விளக்கொளியில் வைத்துப் பார்த்த அவர், “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். “பரவால்லீங்க டாக்டர்” என்றார் அம்மா. தேய்மானம், வயதாகிறதல்லவா என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதித் தந்தார். அவ்வளவுதான். மருத்துவர் கேட்கத்தான் செய்தார். அம்மா பதில் சொல்லத்தான் செய்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் குறையொன்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, ஒரு மொழிபெயர்ப்பாளனின் கவலையோடு மட்டுமே கேள்விகளைப் படித்தேன். காலைப் பிடிப்பைப் பற்றிக் கேட்டதும், “பிடிப்பு என்னடா பிடிப்பு. மரக்கட்டையா இருக்கும். மடக்க வராது. நாலு எட்டு வச்சாத்தான் இளகும்” என்றார். நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான். எழுந்ததும் மூட்டு மரக்கட்டை போல மடக்க வராமல் இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் இளகுகிறது என்று எழுதிக்கொண்டேன். நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தேய்வினால் வருவது பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். ஒரு மணிக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும்.

மகிழ்ச்சியோடு அடுத்த கேள்விகளுக்குப் போனேன். கழிப்பறையில் உட்காருவதும் எழுவதும் எவ்வளவு சிரமம் என்று ஒரு கேள்வி. அம்மா பதில் சொல்லவில்லை.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். அடுத்தத படி.”

“பாத்துக்கறேன்னா?”

“மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல. ராத்திரி போக வேண்டி இருக்காதில்ல.”

எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லைப்புறத்தில், மூன்று படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. குந்தி உட்காரும் வகை. குழாயைப் பற்றிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார். ஒருநாள் எழ முடியாமல் அரை மணி நேரம் அப்படியே இருந்தாராம். யாரையும் கூப்பிடவில்லை. “யாரைக் கூப்பிடறது, அந்த எடத்துக்கு?” என்றார். இது நடந்து எட்டு மாதமாகிறது. அந்த எட்டு மாதத்தில் நான் பதினைந்து முறையாவது அந்த வீட்டுக்குப் போயிருப்பேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்ற இரண்டையும் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். மாத்திரையையும் அவர் தவறாமல் போட்டிருக்கிறார். ஐந்து நாளைக்கு எழுதித் தந்த டைக்ளோஃபினாக்கை, காலி அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வாங்கி அன்று வரை விழுங்கியிருக்கிறார்.

மறுநாள் இரத்தம் சோதித்தோம். கிரியாட்டினின் 1.6 என்று வந்தது. வலி மாத்திரையும் தண்ணீர் குடிக்காமையும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கின்றன, இன்னும் சிறிது காலம் போயிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரை நின்றது. படுக்கையறையின் ஓரத்தில் ஒரு கமோடு நாற்காலி வந்தது. கொல்லைக் கழிப்பறையில் மேல்நாட்டு வகைப் பீங்கானும் சுவரில் கைப்பிடிக் கம்பியும் பொருத்தினோம். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தோழரின் மகள் வந்து சொல்லித் தந்தாள். ஆறு வாரத்தில் கிரியாட்டினின் 1.2க்கு இறங்கியது. செலவெல்லாம் சேர்த்தாலும் எக்ஸ்ரேக்களுக்கு ஆனதைவிடப் பெரிய தொகையில்லை.

மகனாக நான் கேட்டிராத கேள்வி அது. எனக்கு அக்கறை இல்லாமற் போயிற்று என்று சொல்ல மாட்டேன். நானாகக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பேன். அம்மாவும் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். அச்சிட்ட தாள் கேட்டதால் இருவரும் தப்பித்தோம். எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்வி என்பதே அதன் பலம். யாரையும் குறிவைத்துக் கேட்பதில்லை; எனவே சொல்வதில் அவமானமில்லை.

நிற்க. தாளைப் புகழ்வதோடு நிறுத்தினால் பாதி உண்மையாகிவிடும். திருத்திய தமிழோடு கடற்கரை நிலையத்தில் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். அங்கே தாள் தோற்றுப்போனதையும் பார்த்தேன்.

மீன் விற்கும் ஆயா ஒருவர். படி ஏறுவதில் சிரமமா என்றேன். “எங்க வூட்ல படியே இல்லியேப்பா.” காரில் ஏறி இறங்குவதில்? “என்னெ யாரு கார்ல ஏத்தறா?” காலுறை மாட்டுவதில்? “அது என்னா?” கட்டங்களைக் கூட்டினால் ஏறத்தாழ நலமாக இருக்கும் ஒருவரின் கணக்கு வந்தது. ஆனால் இரவெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு உறங்காமல் இருந்துவிட்டுக் காலையில் ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு, உங்களுக்கு எப்போதுதான் வலிக்கிறது என்று கேட்டேன். “மணல்ல காலு பொதையுது பாரு, அத்த தூக்கி எடுக்கணும்ல, அங்கதான் உயிரு போவுது. அப்பறம் குந்திக்கினு மீன் ஆய முடில.”

மணலைப் பற்றித் தாளில் கேள்வி இல்லை. இருக்க நியாயமுமில்லை. மூட்டுத் தேய்வுக்கென உலகெங்கும் பயன்படும் வோமாக் என்ற அளவீடு 1980களில் கனடாவில் உருவானது. 24 கேள்விகள். காலுறை மாட்டுவதும் கழற்றுவதும், குளியல் தொட்டியில் இறங்குவதும், காரில் ஏறுவதும் அதில் உண்டு. பனி விழும் நாட்டின் ஒருநாள் வாழ்க்கை அது. சம்மணமிடுவதும், குந்துவதும், தலையில் கூடையோடு மணலில் நடப்பதும் அவர்கள் அறியாதவை. அதற்காக நம் விருப்பம் போல் கேள்விகளை மாற்றிவிடவும் முடியாது. மாற்றினால் பிற இடத்துக் கணக்குகளோடு ஒப்பிடும் தகுதியை அது இழந்துவிடும்.

இந்தச் சிக்கல் மருத்துவ உலகம் அறிந்ததுதான். 1995இல் கனடாவின் பிசியோதெரபி ஆய்வாளர் ஸ்ட்ராட்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் கேள்விகளே இல்லாத ஒரு முறையை வெளியிட்டார்கள். உடல்நிலையால் செய்ய முடியாமல் போன காரியங்கள் சிலவற்றை நோயாளியே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்ணும் அவரே தர வேண்டும். சுத்தமாக முடியாது என்றால் 0, முன்பு போல் முடியும் என்றால் 10. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் சார்லட் பேட்டர்சன் என்ற பொது மருத்துவர், நோயாளியே தம் முதன்மையான தொல்லையையும் அது தடுக்கும் ஒரு செயலையும் தேர்ந்து சொல்லும் மற்றோர் அளவீட்டை வெளியிட்டார். தோழரின் மகள் பழைய தாளோடு இப்போது ஓர் அட்டையையும் வைத்திருக்கிறாள். அதில் மூன்று கோடுகள் மட்டுமே. ஆயாவின் அட்டையில், மணலில் கூடையோடு நடப்பது 2, குந்தி மீன் ஆய்வது 3 என்று இருந்தது. ஆறு வாரம் கழித்து மணல் 5 ஆயிற்று. மீன் ஆய்வது 3லேயே நின்றது. அதற்கு ஒரு தாழ்ந்த முக்காலி ஏற்பாடானது. எண்கள் எல்லாருக்கும் உடனே பிடிபட்டன என்று சொல்ல முடியாது. ஒரு பெரியவர், பதினாறணாவில் பன்னிரண்டணா வலி என்றார். அதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? அப்படியே எழுதிக்கொண்டோம்.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்தில் திரும்பும்போது எனக்குத் திருமணியின் நினைவு வந்தது. ஊருக்கு அருகே உள்ள திருமணியில்தான் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதற்கு முன், 1947இல், வேலூர் சி.எம்.சி.க்குப் புதிதாக வந்திருந்த பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவரைத் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அங்கே அழைத்துச் சென்று காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஓர் இளைஞனிடம் தம் கையை இறுகப் பற்றச் சொன்னார் பிராண்ட். பிடி வலிக்கும்படி இருந்தது. விரல்கள் கோணிப்போயிருந்தாலும் அவற்றை மடக்கும் தசைகளில் உயிர் இருந்தது. செயலிழந்த தசைகளின் வேலையை நல்ல தசைகளின் தசைநாணை மாற்றிப் பொருத்திச் செய்விக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. வேலூரில் அவர் செய்த கை அறுவை சிகிச்சைகள் பின்னர் உலகப் புகழ் பெற்றன.

கதையின் அடுத்த பகுதியையும் பிராண்டே எழுதியிருக்கிறார். சீராக்கப்பட்ட கைகளோடு சென்ற ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சை எடுக்க உதவவில்லை என்று முறையிட்டாராம். மடங்கிய விரல்களைக் கண்டு இரங்கியவர்கள் நேரான விரல்களைக் கண்டு இரங்கவில்லை. நோயின் தழும்பு முகத்தில் இருந்ததால் வேலையும் எவரும் தரவில்லை. மருத்துவரின் அளவுகோலில் அது முழு வெற்றி. நோயாளியின் அளவுகோலில் பிழைப்பே போயிற்று. பிராண்ட் அந்த முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. கைகள் சீரானவர்கள் தங்கித் தொழில் கற்பதற்கென வேலூரில் ஓர் இல்லம் அமைந்தது. எண்ணும் கட்டமும் இல்லாத காலத்தில் ஒரு நோயாளி தந்த மதிப்பெண் அது. அதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதே முக்கியம்.

இந்த முறையீடு வினாத்தாளின் வடிவம் பெற அரை நூற்றாண்டு பிடித்தது. 2006இல், இந்தியா, நேபாளம், பிரேசில் ஆகிய நாடுகளில் பணியாற்றிய ஆய்வாளர்கள் தொழுநோய் முதலியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கான பங்கேற்பு அளவீட்டை வெளியிட்டார்கள். 18 கேள்விகள். விரல் எவ்வளவு நீள்கிறது என்று ஒன்றுகூட இல்லை. உங்களையொத்தவர்களுக்குக் கிடைக்கும் வேலை வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கிறதா, ஊர் நிகழ்ச்சிகளில் அவர்களைப் போல் கலந்துகொள்கிறீர்களா என்ற வகைக் கேள்விகள். இல்லை என்றால், அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அடுத்த கேள்வி.

கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று ஐயுறுவோருக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் நடத்தியது. உடலெங்கும் பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 766 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினர் வலி, குமட்டல், மூச்சுத் திணறல் போன்ற 12 தொல்லைகளைக் கணினி வழியே தாமே பதிந்து வந்தார்கள். ஏதேனும் ஒன்று கடுமையானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும். 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 26 மாதம். பதிந்து வந்தவர்களுடையது 31.2 மாதம். ஐந்து மாத வேறுபாட்டை எந்தப் புதிய மருந்தும் தரவில்லை. தொல்லை முற்றுமுன் ஒருவர் அறிந்தார், அறிந்து ஏதோ செய்தார் என்பதே நேர்ந்தது.

செவிலியருக்குப் போன அந்த மின்னஞ்சல்தான் இதன் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை 2009 ஏப்ரல் முதல் இடுப்பு, முழங்கால் மாற்று சிகிச்சைகளுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் இத்தகைய தாள்களைப் பெற்று வருகிறது. மருத்துவமனைகளை ஒப்பிட அது பெரிதும் உதவுகிறது. ஆனால் மேலே போகும் கணக்கு வேறு, எழுதித் தந்தவரிடமே திரும்பி வரும் கணக்கு வேறு. நம்மூரிலும் தாள்களுக்குப் பஞ்சமில்லை. உறவினர் ஒருவரை அழைத்துவர ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, வரவேற்பறையினர் புன்னகைத்தார்களா, உணவு சூடாக இருந்ததா என்று ஒரு தாளை நீட்டினார்கள். வலி குறைந்ததா என்று அதில் இல்லை.

கேட்டுவிட்டுப் படிக்காமலிருப்பது கேட்காமலிருப்பதைவிடக் கொடியது. கூட்டம் மிகுந்த ஒரு சனிக்கிழமை தோழரின் மகள் அட்டையைப் பார்க்காமலே ஒரு பாட்டியின் முழங்காலில் கை வைத்துவிட்டாள். “அவ்ளோ நேரம் ஒக்காந்து எழுதிக் குடுத்தனே, படிக்கவே இல்லியேம்மா” என்றார் பாட்டி. அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்று முதல் அட்டையை உரக்கப் படித்த பிறகே நோயாளியைத் தொடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள். அரை நிமிடம் ஆகும். ஒரு காலை வேளையில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய அரசு மருத்துவரிடம் அந்த அரை நிமிடம் இருக்குமா என்பது நியாயமான கேள்வி. வீடு தேடி வருவோருக்கு அது முடியலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அவர்கள் பையில் மூன்று கோடு போட்ட அட்டை ஒன்றும் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

எண்களிடம் எச்சரிக்கையும் வேண்டும். ஒன்றைச் செய்வதையே விட்டுவிட்டவருக்கு அதில் சிரமம் இருக்காது. கட்டம் நலம் என்று சொல்லும். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பதில், எழுந்து போனதும் வேறொரு பதில். மருத்துவர் மனம் கோணக்கூடாதென்று மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. எனவே அந்த எண்ணை முடிவாகக் கொள்ளாமல், பேச்சைத் தொடங்கி வைக்கும் முதல் வரியாகக் கொள்வதே சரி.

அம்மாவின் அட்டையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதல் கோட்டில் கொல்லைக் கழிப்பறை. 2 என்பது இப்போது 7. இரண்டாவது, வாசலில் குனிந்து கோலம் போடுவது, 3லிருந்து 5. மூன்றாவது கோட்டை வெகுநாள் வெறுமையாகவே வைத்திருந்தார். அப்புறம் சொல்கிறேன் என்பார். போன மாதம் ஒரு ஞாயிறு, நான் கிளம்பும் நேரத்தில், “அந்த மூணாவதுல எழுதிக்கோ, உன் வீட்டு மாடிப்படி” என்றார்.

தாம்பரத்தில் நான் குடியிருப்பது இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. அம்மா அங்கே வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அழைக்கும்போதெல்லாம், செங்கல்பட்டுக் காற்றுதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். “ஒண்ணு போடு” என்றார்.

தரைத்தளத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.